கடலோர ஊரில் நில புரோக்கர் வேலை: நாள் எப்படிப் போகும், கையில் எவ்வளவு நிற்கும்

நீங்கள் கேட்டது இது: சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை, வயது முப்பதைத் தொடப்போகிறது, சொந்த ஊர் மாமல்லபுரத்துக்குப் பக்கம். "ஊரோடு வந்து நிலம் வாங்கி விற்கும் புரோக்கர் வேலை பார், முதல் போட வேண்டாம், ஒரு கிரயம் முடிந்தால் ஆறு மாதச் சம்பளம்" என்று மாமா சொல்கிறார். அந்த வேலையில் தினமும் என்னதான் செய்வார்கள், மாதம் எவ்வளவு நிற்கும், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேண்டுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதாமல் விட்ட நாலாவது கேள்வி ஒன்று உள்ளே இருக்கிறது: இருக்கிற வேலையை விடலாமா என்பது. அதற்கும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரண்டு பக்கமும் இருபது வருடத்துக்கு மேலாக இதே தொழில் செய்கிறேன். நான் வக்கீல் இல்லை, சர்வேயரும் இல்லை. பத்திரம் படிப்பதும் புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் சர்வே வரைபடம்) பார்ப்பதும் தொழிலில் பழகியதுதான். சட்டம் பற்றி நான் சொல்வதை ஒரு வக்கீலிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கமிஷன், காலம், ஆள் பழக்கம் பற்றிச் சொல்வது எங்கள் ஊர் நிலவரம். கடலூரிலும் தூத்துக்குடியிலும் வேறு மாதிரி இருக்கலாம்.

நாள் எப்படிப் போகும் என்றால், காலை ஆறு மணிக்கே போனில் தொடங்கும். இரவோடு இரவாக வாட்ஸ்அப் குழுக்களில் வந்த இடங்களைப் பார்க்க வேண்டும். அதில் பாதி, ஒரே இடம் நாலு பேர் கை மாறி நாலு விலையில் வந்திருக்கும். "டைரக்ட் பார்ட்டியா?" என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் கேள்வி. உரிமையாளரை நேரில் தெரிந்தவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், நடுவில் எத்தனை பேர் என்று தெரியாமல் பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு போனால் சைட்டில் போய் அவமானப்பட வேண்டியதுதான். உரிமையாளர்களைப் பிடிக்க எட்டு மணிக்குள் டீக்கடைக்குப் போக வேண்டும். பத்து மணிக்கு மேல் கிராம நிர்வாக அலுவலர், தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், ஜெராக்ஸ் கடை. மதியம் யாராவது ஒருவர் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டேன் என்பார். மூன்று மணிக்கு வருகிறேன் என்றவர் ஐந்தரைக்கு வந்து, இருட்டுவதற்குள் மூன்று இடம் காட்டச் சொல்வார். சனி, ஞாயிறு உங்களுக்குக் கிடையாது. வாங்க வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் அன்றுதான் லீவு. வீட்டில் கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரும், நீங்கள் யாரோ ஒருவரின் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இதை உங்கள் வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மாதக் கணக்கும் உண்டு. ஆடியில் தொழில் படுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சைட்டுக்குள் கார் போகாது. தை பிறந்ததும் ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் முடிவெடுப்பார்கள். முகூர்த்த நாளில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் விடுகிறது, அப்படியும் கூட்டம் தாங்காது. ராகு காலம் முடியட்டும் என்று ஒரு தரப்பு வெளியில் நிற்க, டோக்கன் போய்விடும் என்று நீங்கள் தவித்துக்கொண்டிருப்பீர்கள்.

சரி, இதெல்லாம் வெளியில் தெரிகிற வேலை. எங்களைப் போன்ற கடலோர ஊரில் உண்மையான வேலை வேறு: ஒரு நிலத்தில் எது செய்ய முடியாது என்று வாங்குகிறவருக்கு முன்னால் கண்டுபிடிப்பது. உள்நாட்டு ஊரில் பத்திரம் சுத்தமாக இருந்தால் முக்கால் வேலை முடிந்தது. இங்கே பத்திரம் கண்ணாடி மாதிரி இருக்கும், பட்டா இருக்கும், வில்லங்கச் சான்றில் (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) ஒன்றுமே இருக்காது, ஆனாலும் அங்கே ஒரு செங்கல் வைக்க முடியாது.

காரணம் சிஆர்இசட், அதாவது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 1991-இல் முதல் அறிவிக்கை வந்தது, 2011-இல் மாற்றி எழுதினார்கள், 2019-இல் மறுபடியும் மாற்றினார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கமாக 500 மீட்டர் வரை இந்த மண்டலம். அந்தக் கோடு நீங்கள் போய் நிற்கிற அன்றைக்கு அலை நனைக்கிற இடம் இல்லை. வரைபடத்தில் அதிகாரபூர்வமாகக் குறித்த கோடு. 2011 அறிவிக்கைப்படி ஊராட்சிப் பகுதியில் அந்தக் கோட்டிலிருந்து முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. 200-இலிருந்து 500 வரை கட்டுப்பாடுகளோடு சிலது செய்யலாம். நகராட்சி போல ஏற்கனவே வளர்ந்த பகுதிக்கு விதி வேறு: இருக்கிற அனுமதி பெற்ற சாலைக்கோ கட்டடத்துக்கோ நிலப் பக்கமாகத்தான் புதுசு கட்டலாம், கடல் பக்கமாக முடியாது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் உள்ள கிராமப் பகுதிகளில் அந்த 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் அது அறிவிக்கையைப் படித்த அன்றே அமலுக்கு வருவதில்லை. அதன்படி தயாரித்த கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் பொருந்தும். "இப்போ ஐம்பது மீட்டர்தான் சார், தாராளமா கட்டலாம்" என்று சொல்லி விற்கிற புரோக்கர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அந்த சர்வே எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

இதில் பலர் கோட்டை விடுகிற இடம் கடல் இல்லை, பக்கிங்காம் கால்வாய். கடலிலிருந்து நல்ல தூரத்தில் இருக்கிற நிலம்கூட, ஓதம் ஏறி இறங்குகிற கால்வாய்க்கோ கழிமுகத்துக்கோ பக்கத்தில் இருந்தால் சிஆர்இசட் அங்கேயும் வரும். 2011 கணக்கில் அது 100 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், எது குறைவோ அது. 2019-இல் 100 என்பது 50 ஆனது. கோவளம் முகத்துவாரத்தை ஒட்டி "வாட்டர் ஃபிரண்ட்" என்று போர்டு வைத்து விற்கிற மனைகளைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: இந்த நிலங்களை விற்கத் தடை இல்லை. சார்பதிவாளர் பதிவு செய்து கொடுத்துவிடுவார். சிஆர்இசட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. அதனால் பத்திரம் ஆகிவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வாங்கியவர் நினைத்துக்கொள்வார். கட்ட அனுமதி கேட்கும்போதுதான் தெரியும். அனுமதி இல்லாமலே கட்டி, பல வருடம் ஒன்றும் ஆகாமல் இருக்கிறவர்களும் உண்டு. அவர்களைக் காட்டித்தான் அடுத்தவருக்கு விற்பார்கள். கொச்சி மரடில் சிஆர்இசட் விதிமீறல் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, 2020 ஜனவரியில் நாலு அடுக்குமாடி வளாகங்களை வெடி வைத்துத் தகர்த்தது டிவியில் நேரலையாகவே வந்தது. அந்த வாரம் முழுக்க எங்களுக்குப் போன் நிற்கவில்லை. ஏற்கனவே வாங்கியவர்கள்தான்.

மாமல்லபுரத்துக்கு இன்னொரு கட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு மேல் இன்னொரு 200 மீட்டர் வரை தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். 2010 சட்டத் திருத்தத்தில் இது இறுகியது. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு மட்டும் சின்னம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பிடாரி ரதம், வலையன்குட்டை ரதம், முகுந்த நாயனார் கோயில், சாளுவன்குப்பம் புலிக்குகை என்று சுற்றிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி 300 மீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள், பழைய ஊரில் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். இன்னும் தெற்கே போனால் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு மக்கள்தொகை பெருகும் திட்டங்களைக் கட்டுப்படுத்தும் வளையம் இருக்கிறது. அந்தப் பக்கம் பெரிய லேஅவுட் என்று யாராவது வந்தால் நான் ஒதுங்கிக்கொள்வேன்.

மற்றபடி எல்லா ஊருக்கும் பொதுவான பரிசோதனைகள். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, ஏ பதிவேடு (நிலம் என்ன வகை, யாருடையது என்று கிராமவாரியாக எழுதிய வருவாய்ப் பதிவேடு), புலப்படம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். பட்டாவும் புலப்படமும் வருவாய்த்துறை இணையதளத்தில் கிடைக்கும். உங்களைப் போல கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பழகியவருக்கு அரைமணி நேர வேலை. ஆனால் வில்லங்கத்தில் ஒன்றும் இல்லை என்றால் சிக்கலே இல்லை என்று அர்த்தம் இல்லை. பதிவாகாத உயில், கோர்ட்டில் நடக்கிற வழக்கு, கையெழுத்துப் போடாத வாரிசு, இதெல்லாம் அதில் பெரும்பாலும் தெரியாது. பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த்துறை ஆவணம். பட்டா ஒருவர் பெயரில் இருப்பது மட்டும் அவரை உரிமையாளர் ஆக்கிவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கியது), கோயில் நிலம், வக்ஃபு நிலம், புறம்போக்கு, அரசு நிபந்தனையோடு கொடுத்த ஒப்படை நிலம், இவற்றுக்கு ஏ பதிவேட்டையும் பழைய பத்திரங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் அங்கீகாரமில்லாத மனை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பதிவுக்குத் தடை போட்டபோது எங்கள் தொழிலே சில மாதம் நின்று போனது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான் அது. அந்தத் தேதி எங்கள் பக்கத்துப் புரோக்கர் எல்லாருக்கும் மனப்பாடம்.

எங்கள் நாளில் பெரும் பகுதியைத் தின்பது வாரிசுப் பிரச்சினை. அதைச் சட்டப் புத்தகத்தில் படித்தால் புரியாது, ஒரு உதாரணம் சொல்கிறேன். சாலைக்குக் கிழக்கே ஒரு சவுக்குத் தோப்பு. தாத்தா பெயரில் பட்டா, அப்பா இறந்துவிட்டார், மூன்று அண்ணன் தம்பிகள் விற்கத் தயார். ஒரு அக்கா, செய்யூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தது. "அவளுக்குச் சீரெல்லாம் செஞ்சாச்சு, கேட்டா கையெழுத்துப் போட்டுடுவா" என்றார்கள். நான் அட்வான்ஸ் வாங்க விடவில்லை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-லிருந்து, அப்போது கல்யாணமாகாமல் இருந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. 2005 மத்தியச் சட்டத் திருத்தத்தில் கல்யாணமான மகளுக்கும் அது வந்துவிட்டது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே சொன்னது. அதனால் அந்த அம்மாவின் கையெழுத்து இவர்கள் தருகிற தயவு இல்லை, அவருடைய உரிமை. செய்யூர் போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினேன். அவர் பணம் பற்றிப் பேசவே இல்லை. தோப்பின் மூலையில் குலதெய்வக் கல் ஒன்று இருக்கிறது, கடைசியாகப் பொங்கல் வைத்தபோது தம்பிகள் யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றார். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். அந்தக் கல்லைச் சுற்றி மூன்று சென்ட்டையும் அதற்குப் போகிற பாதையையும் தனியாகப் பிரித்து அவர் பெயருக்கு எழுதுவது, விற்பனைப் பணத்திலும் சம பங்கு என்று முடிவானது. உட்பிரிவு செய்ய சர்வேயர், தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, தம்பிகளுக்குள் மறுபடியும் சண்டை என்று ஒன்றரை வருடம் போல இழுத்தது. முதலில் வாங்க வந்தவர் காத்திருக்க முடியாமல் போய்விட்டார். இரண்டாவது பார்ட்டிக்குத்தான் கிரயம் ஆனது. அந்த ஒன்றரை வருடமும் அந்த இடத்துக்காக நான் அலைந்ததற்கு ஒரு ரூபாய் யாரும் தரவில்லை, தரவும் மாட்டார்கள். முடிந்தால்தான் கமிஷன்.

இனி பணம். விற்பனைக்கு எங்கள் பக்கம் பேச்சு வழக்கு, வாங்குகிறவர் ஒரு பங்கு, விற்கிறவர் ஒரு பங்கு, ஆளுக்கு 1 முதல் 2 சதவீதம். இதைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை, பேசிக்கொள்வதுதான். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி, 50 லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் பக்கம் 2 சதவீதம் என்றால் 1 லட்சம். மாமா சொல்வது இந்த 1 லட்சத்தைத்தான். ஆனால் பார்ட்டியைக் கூட்டி வந்தவர் ஒருவர், அவருக்குச் சொன்ன பேங்க் ஊழியர் ஒருவர், இடத்தைக் காட்டிக்கொடுத்த உள்ளூர் ஆள் ஒருவர், அப்புறம் நீங்கள். நாலு பங்கு போட்டால் ஆளுக்கு 25,000. அதிலும் பதிவு முடிந்த அன்றைக்கு வாசலில் வைத்து "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்கள். பத்திரம் கைக்குப் போன பிறகு உங்கள் போனை எடுக்க மாட்டார்கள். கமிஷனை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள், பதிவு அன்றே, அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடிய ஒரே தந்திரம்.

எத்தனை மாதத்துக்கு ஒரு கிரயம் முடியும் என்பதற்கு நேர்மையான பதில், சொல்ல முடியாது. வரிசையாக மூன்று முடிந்த வருடமும் உண்டு, பொங்கலிலிருந்து தீபாவளி வரை ஒன்றும் முடியாத வருடமும் உண்டு. எங்கள் ஊரில் இதை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் விற்பனையை நம்பி நடத்துவதில்லை. வாடகையும் பராமரிப்பும்தான் அரிசி பருப்பு. ஒரு மாத வாடகை கமிஷனாக வரும். கல் சிற்பிகளுக்குப் பட்டறை போட இடம் தேவை, உளிச் சத்தத்துக்கு அக்கம் பக்கம் ஒத்துக்கொள்கிற இடமாகப் பார்க்க வேண்டும். ஒத்தவாடைத் தெருப் பக்கம் சீசனுக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிற வெளிநாட்டவர், அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள வருகிற பையன்கள், கல்பாக்கத்துக்கு மாற்றலாகி வருகிற குடும்பங்கள் என்று வாடகைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். வீட்டுக்காரருக்கு அது தெரியாது, நீங்கள்தான் செய்து கொடுப்பீர்கள். அவர்களில் யாராவது இந்த ஊர் பிடித்துப் போய் வீடு வாங்க வேண்டும் என்பார்கள். இந்தியாவில் வசிக்காத, இந்திய வம்சாவளி அல்லாத வெளிநாட்டவர் இங்கே நிலம் வாங்க முடியாது. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைதான் முடியும். வெளிநாடு வாழ் இந்தியர் வீடு வாங்கலாம், ஆனால் விவசாய நிலமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. கடலோரத்தில் பாதி நிலம் ரெக்கார்டில் புஞ்சை என்றுதான் இருக்கும், அதனால் இது தினசரி வருகிற சிக்கல்.

பராமரிப்பு வேலை தனி. சென்னைக்காரர்களின் பீச் வீடுகள் வருடத்தில் முக்கால்வாசி பூட்டிக் கிடக்கும். உப்புக் காற்று சும்மா இருக்காது. கேட் கீல், ஏசியின் வெளிப்பெட்டி, மோட்டார், கிரில் கம்பி எல்லாவற்றையும் தின்றுகொண்டே இருக்கும். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் எங்கள் ஊர்ப் பக்கமே கரையைக் கடந்தபோது, விடிந்ததும் ஒவ்வொரு வீடாகப் போய் வீடியோ எடுத்து உரிமையாளர்களுக்கு அனுப்பியதுதான் அந்த வார வேலை. மாதாமாதம் ஒரு தொகை பேசிக்கொண்டு இந்த வேலையை எடுத்தால் இரண்டு லாபம். நிலையான வருமானம் வரும், அந்த வீட்டை விற்க நினைக்கிற அன்றைக்கு முதல் போன் உங்களுக்கு வரும்.

தண்ணீரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணல் மேட்டில் பத்துப் பதினைந்து அடியிலேயே நல்ல தண்ணீர் கிடைக்கும். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படலமாக நிற்கிறது. நன்றாக வருகிறதே என்று ஆழமாக போர் போட்டு வேகமாக இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும், அப்புறம் திரும்பாது. நல்ல புரோக்கர், வாங்குகிறவர் கேட்கும் முன்பே பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கக் கொடுப்பார். கணவர் விலை பேசிக்கொண்டிருக்கும்போது மனைவி தண்ணீரைக் கேட்பார். என் அனுபவத்தில் முடிவு அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

விலை ஏறுமா என்று எல்லாரும் கேட்பார்கள். இதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது குறைவு. 2019 அக்டோபரில் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். 2022-இல் செஸ் ஒலிம்பியாட் இங்கே நடந்தது. இரண்டு முறையும் உரிமையாளர்கள் ராத்திரியோடு ராத்திரியாக விலையை ஏற்றினார்கள். கேட்கிற விலை ஏறியதே தவிர, நான் பார்த்தவரை கிரயம் அந்த விலைக்கு ஆகவில்லை. பத்திரிகைச் செய்தியைக் காட்டி விலை சொல்கிறவர்களிடம், அதே தெருவில் கடைசியாகப் பதிவான பத்திரத்தைக் கேட்பதுதான் என் வழக்கம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: பத்திரத்தில் எழுதின தொகையும் கை மாறின தொகையும் ஒன்றாக இருக்காது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதைக் குறைக்க, வழிகாட்டி மதிப்புக்கு (பதிவுக்காக அரசு வைத்திருக்கிற விலை) மட்டும் எழுதிவிட்டு மீதியை ரொக்கமாக வாங்குவார்கள். நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015-லிருந்து வருமான வரிச் சட்டப்படி அபராதத்துக்கு உரியது. நடுவில் நின்று அந்தப் பையைத் தூக்குகிற வேலையை உங்களிடம்தான் கொடுப்பார்கள். முதல் தடவையே மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள், கொஞ்சம் தொழில் போகும், போகட்டும்.

அதேபோல "மேல வச்சு விக்கிறது". உரிமையாளர் கேட்பது ஒன்று, பார்ட்டியிடம் சொல்வது ஒன்று, வித்தியாசம் புரோக்கருக்கு. இது பரவலாக நடக்கிறது. இரண்டு தரப்பும் பதிவு அன்று நேருக்கு நேர் பேசினால் வெளியே வந்துவிடும். சின்ன ஊரில் ஒரு தடவை வந்தால் போதும். உரிமையாளரிடம் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) வாங்கி வைத்து விற்பதும் ஒரு பழக்கம். 2012 டிசம்பரிலிருந்து அதையும் கிரய ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் வந்த பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மீனவர் குப்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடலை ஒட்டி படகு ஏற்றுகிற, வலை காயப்போடுகிற, மீன் உலர்த்துகிற இடங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பட்டா கிடையாது. ஆனால் அந்த இடம் யாருடையது என்று ஊருக்குத் தெரியும், ஊர்ப் பஞ்சாயத்து அதைப் பேசி வைத்திருக்கும். சுனாமிக்குப் பிறகு மீனவர் குடும்பங்களுக்கு உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுத்தபோது, காலியான கடலோரத்தைப் பார்த்து எங்கள் தொழிலில் சிலருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நான் அதில் கை வைத்ததில்லை, வைக்கவும் கூடாது என்பது என் கருத்து. சட்டமும் அதற்கு இடம் தரவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். வில்லாவுக்குச் சுவர் எழுப்பி, கடலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையை அடைத்துவிட்டு, அப்புறம் ஊரே வந்து நிற்கும்போது புரோக்கரைக் கூப்பிடுகிற வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். விடிகாலை நாலு மணிக்கு வலையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இடம் காட்டும்போதே அந்தப் பாதையையும் காட்டிவிடுங்கள். அது புலப்படத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ரெரா கேள்விக்கு வருகிறேன். 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள, அல்லது எட்டு வீட்டுக்கு மேல் உள்ள திட்டங்கள் ரெராவில் பதிவாக வேண்டும். அப்படிப் பதிவான திட்டத்தின் மனையையோ ஃபிளாட்டையோ விற்றுக் கொடுக்கிற ஏஜெண்டும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், அது அந்தச் சொத்து மதிப்பின் 5 சதவீதம் வரை போகலாம். தனிநபர் தன் பழைய வீட்டையோ தோப்பையோ விற்பதற்கு நடுவில் நிற்கிற புரோக்கருக்கு அந்தப் பதிவு தேவையில்லை. எங்கள் ஊரில் பெரும்பாலான வேலை இந்த இரண்டாவது வகை. ஆனாலும் லேஅவுட் வேலை எப்போதாவது வரும், பதிவு எண் இருந்தால் வெளியூர்க்காரருக்கு நம்பிக்கையும் வரும். எடுத்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. கமிஷன் வருமானம் வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி வரும். ஆரம்பத்தில் அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

வேலையை விடலாமா? இப்போது விடாதீர்கள் தம்பி. உங்கள் சம்பளம் இருக்கிறவரை ஒரு இடம் சரியில்லை என்று பார்ட்டியிடம் சொல்ல உங்களுக்குத் தைரியம் இருக்கும். வீட்டு வாடகைக்கு அந்தக் கமிஷனை எதிர்பார்க்கிற நிலை வந்துவிட்டால் 180 மீட்டரில் இருக்கிற மனையை 210 மீட்டர் என்று சொல்லத் தோன்றும். நல்ல பையன்கள் அப்படி மாறியதைப் பார்த்திருக்கிறேன். சனி ஞாயிறு மட்டும் ஊருக்கு வந்து வாடகை வேலையில் தொடங்குங்கள். ஒரு வருட வீட்டுச் செலவு பேங்கில் தனியாக இருந்து, வாடகையும் பராமரிப்பும் மாதாமாதம் ஓரளவு வர ஆரம்பித்த பிறகு மறுபடியும் யோசிக்கலாம். மாமாவிடம் ஒன்று கேளுங்கள்: அவருக்குத் தெரிந்த புரோக்கர்களில் எத்தனை பேர் வேறு வருமானம், கடையோ வட்டியோ மனைவி சம்பளமோ இல்லாமல் இதை மட்டும் செய்கிறார்கள் என்று.

பழகுவதற்கு வெளியே போக வேண்டாம், உங்கள் குடும்ப நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டா, புலப்படம், வில்லங்கம் மூன்றையும் இணையத்தில் இறக்குங்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி, கணக்குப் போட்டுப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். அப்புறம் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் இறங்கி எல்லைக் கற்களைத் தேடுங்கள். நாலில் ஒன்றாவது காணாமல் போயிருக்கும். அளந்து கல் நடச் சொல்லி மனு போடுவது எப்படி என்று தெரியாவிட்டால் இதற்குக் கீழேயே கேளுங்கள், சொல்கிறேன்.